பூட்டக்கா வெளியே நின்ற மதியம்

“ரூட், அட்மின், டெஸ்ட், கெஸ்ட், மறுபடியும் அட்மின்… ஏண்டா, உங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லியா?”

காலைத் தேநீரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, திரையில் ஓடும் வரிகளைப் பார்த்துப் பூட்டக்கா திட்டிக்கொண்டிருக்கிறார். முந்தைய நாள் அலுவலகம் அடைத்ததிலிருந்து அவருடைய சர்வரின் கதவைத் தட்டி, வாய்க்கு வந்த பெயரையெல்லாம் சொல்லி உள்ளே நுழையப் பார்த்த ஆசாமிகளின் வரிசை அது. பாதிக்கு மேல் ஆசாமிகள்கூட இல்லை, தானாகத் தட்டிப் பார்க்கிற இயந்திரங்கள். அக்காவுக்கு மனிதன், இயந்திரம் என்ற பேதமெல்லாம் கிடையாது. “போ, போ, வேற வீடு பாரு” என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி அனுப்பிவிட்டுத்தான் தேநீரை வாயில் வைப்பார். அதற்குள் அது ஆறிப் பச்சைத் தண்ணீராகியிருக்கும்.

பூட்டக்கா என்பது அவர் பெயரல்ல. பெற்றவர்கள் அழகான பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள். சம்பளப் பிரிவைத் தவிர யாருக்கும் அது நினைவில்லை. அவர் வேலை செய்வது, காற்றின் போக்கையும் பூச்சிகளின் பெருக்கத்தையும் நிலம் நடுங்குவதையும் கணக்குப் போட்டுப் பார்க்கிற ஓர் ஆராய்ச்சி நிலையத்தில். கணக்குப் போடும் பெரிய கம்ப்யூட்டர்கள் இங்கே இல்லை. ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்தால் போய்ச் சேரக்கூடிய வேறொரு நகரத்தில், குளிரூட்டிய கட்டடம் ஒன்றில் பூட்டிக் கிடக்கின்றன. அலுவலகத்திலிருந்து போனாலும் சரி, வீட்டிலிருந்து போனாலும் சரி, வெளியூர் விடுதி அறையில் படுத்துக்கொண்டே போனாலும் சரி, அவற்றுக்குள் நுழைய ஒரே ஒரு வாசல்தான். அந்த வாசல் சர்வரைக் காப்பதுதான் அக்காவின் உத்தியோகம்.

ஆளைப் பார்த்தால் காவல்காரர் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். குள்ளமான உருவம், ஐம்பதைத் தாண்டிய வயது, மூக்கில் இருக்க வேண்டிய கண்ணாடி எப்போதும் தலையில். கைப்பையின் ஜிப் அறுந்து எத்தனையோ வருடங்களாகின்றன. பர்ஸும் சீப்பும் மாத்திரைப் பட்டையும் எட்டிப் பார்த்தபடியே அவரோடு ஊர் சுற்றும். “பையைத் தைச்சுக்கக் கூடாதா அக்கா?” என்று யாராவது கேட்டால், “இதுல என்ன இருக்கு திருட? சீப்புல ரெண்டு பல்லு இல்ல” என்பார். ஆனால் வாசல் விஷயத்தில் குரங்குப்பிடி. அங்கே அவரிடம் நயமும் செல்லாது, பயமும் செல்லாது.

பூச்சியார் என்று எல்லோரும் அழைக்கும் பூச்சி விஞ்ஞானி மாட்டிக்கொண்ட கதையை அலுவலகத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். மாலையில் அவர் தன் நாயோடு நடக்கப் போவார். நாய் முன்னால் ஓட, இவர் அதன் பெயரைக் கூவிக்கொண்டே பின்னால் ஓட, தெருவே வேடிக்கை பார்க்கும். ஒரு நாள் எதிரே வந்த பூட்டக்கா அந்தக் கூவலைக் கேட்டபடி சும்மா கடந்து போனார். மறுநாள் காலை நேராகப் பூச்சியாரின் மேஜைக்குப் போய், பாஸ்வேர்டு கேட்ட இடத்தில் நாயின் பெயரை அடித்தார். வாசல் திறந்துவிட்டது. பூச்சியார் முகத்தில் ஈயாடவில்லை.

“பாஸ்வேர்டைத் தெருவுல நின்னு கத்துறீங்களே சார்! நாயாவது பரவாயில்ல, கூப்பிட்டா வர மாட்டேங்குது. உங்க வாசல் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருது.”

அன்றைக்கே அவருக்கு அக்கா சாவி செய்து கொடுத்தார். இரும்புச் சாவி அல்ல. கம்ப்யூட்டருக்குள் பிறந்து கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடக்கிற சாவி. அதை விளக்குவதற்கென்றே அக்காவிடம் ஒரு பாட்டு உண்டு, அதைக் கேட்காத ஆள் அந்தக் கட்டடத்தில் கிடையாது. “பாஸ்வேர்டுன்னா வாய் தொறந்து சொல்லியாகணும். சொல்றதை எவனும் ஊகிக்கலாம். சாவி அப்படியில்ல சார், ஜோடியா பொறக்கும். ஒண்ணை என்கிட்ட குடுத்துடுங்க. என் பட்டியல்ல போட்டு வெக்கிறேன், ஊரே பாத்தாலும் கவலையில்ல. இன்னொண்ணு உங்க கம்ப்யூட்டரை விட்டு வெளியவே வரக் கூடாது. நீங்க வந்து தட்டுனா, வாசல் ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணை நீட்டி ‘இதுல கையெழுத்துப் போடு’ன்னு கேக்கும். அந்தக் கையெழுத்து உங்க சாவியால மட்டும்தான் விழும். என்கிட்ட இருக்கிற ஜோடியை வெச்சு வாசல் சரி பாத்துக்கும். பாத்தீங்களா, ரகசியம் உங்க வீட்டுப்படி தாண்டவே இல்ல!”

பூச்சியார் லேசுப்பட்டவரா? “எல்லாம் சரிம்மா. என்னை யாருன்னு வாசல் கேக்குது. அது உண்மையான வாசல்தானா, இல்ல எவனாவது நடுவுல போட்ட பொய் வாசலான்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். பூட்டக்காவுக்கு அந்தக் கேள்வியில் உச்சி குளிர்ந்துவிட்டது. “அப்படிக் கேளுங்க! முதல்ல வாசல்தான் தன் முகத்தைக் காட்டணும். முதல் தடவை போறப்போ ஒரு நீள எழுத்துக் கோவையைக் காட்டி ‘நான் இன்னார், சரியா?’ன்னு கேக்கும். நம்ம ஆளுங்க படிக்காமலே ‘சரி’ன்னு அடிச்சிட்டு ஓடுவாங்க. அந்தக் கோவையை என் மேஜையில ஒட்டி வெச்சிருக்கேன், வந்து ஒத்துப் பாருங்க” என்றார். அன்று முதல் பூச்சியாருக்கு அலுவலகத்தில் தனி மரியாதை.

வீட்டிலும் இதே ராஜ்யம்தான். அவருடைய கணவர் பல்செட் செய்கிறவர். முன்னறையில் மேஜை போட்டு, யார் யாருடைய வாய்க்கோ அளவாகப் பற்களைச் செதுக்கிக்கொண்டிருப்பார். எந்நேரமும் விரல்களில் வெள்ளை மாவு, எதிரே வரிசையாகச் சிரிக்கும் தாடைகள். சாந்தமான மனிதர். சாந்தமானவர்களைத்தான் ஏமாற்றுக்காரர்கள் தேடி வருவார்கள் என்று அக்காவுக்குப் பயம். அதனால் அவருக்குச் சட்டம் போட்டிருக்கிறார்: போனில் யார் எதைச் செய்யச் சொன்னாலும் செய்யக் கூடாது. “என் குரல்லயே பேசினாலும் நம்பாதீங்க. இப்பல்லாம் குரலையும் செஞ்சிடுறாங்க, நீங்க பல்லு செய்யிற மாதிரி.” வீட்டு வார்த்தை என்று ஒன்று உண்டு, அதைச் சொன்னால்தான் பேச்சு. மூன்று முறை தப்பாகச் சொன்னால் போனை வைத்துவிட வேண்டும். அவ்வப்போது அந்த வார்த்தையை அக்காவே மாற்றுவார். கணவர் எல்லாவற்றுக்கும் “சரிம்மா” என்று தலையாட்டிவிட்டு ஒரு கடவாய்ப்பல்லைத் தேய்க்கப் போய்விடுவார்.

இப்படி ஊரையே பூட்டிக் காத்தவர், போன மாதம் தானே வெளியே நின்றார்.

நிலையத்தின் இயக்குநருக்கு வாசலை ஒரு வெளிக் கம்பெனியிடம் கொடுத்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. கொடுத்துவிட்டால் அக்காவுக்குப் பொருள் கிடங்கில் உட்கார்ந்து நாற்காலிகளுக்கு எண் போடுகிற வேலை. அக்கா நேரே போய்ப் பேசினார். “பாஸ்வேர்டையே ஒழிச்சு, எல்லாரையும் சாவிக்கு மாத்திடுறேன் சார். ஒருத்தர்கூட வெளிய நிக்க மாட்டாங்க. நின்னா, வாசலை நீங்க யாருக்கு வேணும்னாலும் குடுத்துக்கோங்க.” இயக்குநர் சம்மதித்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாற்றம் நடக்கும், சாப்பிட்டு முடித்துவிட்டு எல்லோரும் அவர் கண் முன்னாலேயே நுழைந்து காட்ட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. வாயைக் கொடுத்தாகிவிட்டது, இனி பின்வாங்க முடியாது.

அன்று காலை எழுந்ததுமே அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்குள் போய், முழு அதிகாரத்தோடு உட்கார்ந்து, எல்லோரும் தன்னிடம் கொடுத்திருந்த ஜோடிச் சாவிகளைச் சர்வருக்குள் ஒரே அறையில், அதாவது ஒரே ஃபோல்டரில், அடுக்கினார். அடுக்கி முடித்தபோது நேரமாகிவிட்டது. கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வெளியே வரும்போது சர்வரிடம் விடைபெற வேண்டும் என்பது அவர் ஊருக்கெல்லாம் சொல்கிற பாடம். ஊருக்குத்தானே உபதேசம்!

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அலுவலகத்தில் வேலையைத் தொடங்கினார். இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வாசலின் விதியை மாற்றுகிறவர், ஏற்கெனவே சர்வருக்குள் போயிருக்கிற திரை ஜன்னல் ஒன்றைத் திறந்தே வைத்துக்கொண்டு, இன்னொரு ஜன்னலில் புதிதாக வந்து தட்டிப் பார்க்க வேண்டும். புது வழி திறந்தால்தான் பழையதை மூடலாம். பூட்டக்கா அதில் அணுவும் பிசகாதவர். விதியை மாற்றினார், அடுத்த ஜன்னலில் வந்து தட்டினார். அனுமதி இல்லை என்றது சர்வர்.

ஏன் என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. சாவி சேகரிக்கும் வசதிக்காக, உதவியாளர்களும் எழுதும்படி அந்த அறையைத் திறந்து வைத்திருந்தார், சாத்த மறந்துவிட்டார். சர்வருக்கும் அவருடைய குணம்தானே? கண்டவர்களும் நுழைந்து கைவைக்கக்கூடிய அறையில் இருக்கும் பட்டியலை அது நம்பாது. யாருடைய சாவியையும் ஏற்கவில்லை, அக்காவினுடையது உட்பட. “அட, இவ்வளவுதானா!” என்று சிரித்துக்கொண்டே, தோற்றுப்போன ஜன்னலை மூடலாம் என்று விடைபெறும் கட்டளையை அடித்தார். இரண்டும் ஒரே மாதிரி கறுப்பு ஜன்னல்கள். அவர் அடித்தது உயிரோடு இருந்த ஜன்னலில்.

“ஐயோ, கெட்டது குடி!”

பாஸ்வேர்டை அவரே ஒழித்துவிட்டார். சாவிகளைச் சர்வர் ஏற்காது. வாசல் சர்வரும் அந்த வேற்று நகரத்துக் கட்டடத்தில்தான் இருக்கிறது, அங்கே ஆளை அனுப்பிச் சரி செய்யச் சொல்லலாம். அதற்கு இயக்குநர் கையெழுத்துப் போட வேண்டும். போடுவார், போட்ட கையோடு வெளிக் கம்பெனிக்கும் போன் போடுவார். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கீழே உணவுக்கூடத்தில் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. அப்போதுதான் பொறி தட்டியது: வீட்டு ஜன்னல்! காலையில் மூடாமல் ஓடி வந்த ஜன்னல். வாசலில் விதி மாறிவிட்டது என்பதற்காக, ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்திருப்பவரைச் சர்வர் எழுப்பி அனுப்புவதில்லை.

வீட்டுக்குப் போன் போட்டார்.

“ஏங்க, வீட்டுக் கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டு இருக்கா?”

“ஓடுது. இரைச்சல் தாங்கல. அணைச்சிடலாம்னு இப்பத்தான் எந்திரிச்சேன்.”

“தொடாதீங்க! அணைச்சா நான் செத்தேன். அவசரம். அதுக்கு முன்னால உக்காந்து, நான் சொல்றதை அப்படியே அடிங்க.”

மறுமுனையிலிருந்து வந்த குரலில் கணவரைக் காணோம். முன்னறைக்கு வந்த புதுவாடிக்கையாளரிடம் பேசுகிற பல்செட்டுக்காரர்தான் இருந்தார்.

“மேடம், நீங்க யாரு?”

“மேடமா? என்னங்க, விளையாடுறீங்களா?”

“அவசரம்னு சொல்றவங்களைத்தான் முதல்ல சந்தேகப்படணும்னு என் வீட்டுக்காரி சொல்லியிருக்கா மேடம். எங்க வீட்டு வார்த்தையைச் சொல்லுங்க.”

அக்காவுக்கு எரிச்சல் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். இத்தனை நாள் பல்லைத் தேய்த்துக்கொண்டே தலையாட்டியவர் எல்லாவற்றையும் காதில் வாங்கித்தான் இருக்கிறார்! “ஒட்டகம்” என்றார்.

“அது பழசு மேடம். மாத்தியாச்சு.”

“சரி… குடை.”

“அது ஒட்டகத்துக்கும் முந்தினது. இன்னும் ஒரு தடவைதான். அதுவும் தப்புன்னா போனை வெச்சிடச் சொல்லியிருக்கா.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். மாற்றியவர் அவர், மறந்தவரும் அவர். என்ன யோசித்தும் ஒட்டகத்துக்கு அடுத்து என்ன வந்தது என்று பிடிபடவில்லை. கீழே மாடிப்படியருகே இயக்குநரின் சிரிப்பு கேட்டது. சாப்பாடு திருப்தி போலிருக்கிறது.

“மூணாவதை நான் சொல்லல. அந்த வார்த்தையை விடுங்க. உங்க பொண்டாட்டியால மட்டும் பதில் சொல்லக்கூடியதா வேற எதையாவது கேளுங்க. கும்புடுறேன்.”

கணவர் யோசித்தார். யோசிக்கும்போது ஏதாவது ஒரு தாடையைத் திறந்து திறந்து மூடுவார். அந்த ‘டக் டக்’ போனில் கேட்டது.

“சரி மேடம். நேத்து சாயங்காலம் பால் பாத்திரத்தைக் கருகவிட்டது யாரு?”

பாலை அடுப்பில் வைத்தவர் பூட்டக்கா. வைத்துவிட்டுச் சர்வரைப் பார்க்க உட்கார்ந்தவரும் அவர்தான். வீடு புகை மண்டியதும் இருவருக்கும் மூண்ட சண்டை, தூங்கப் போகும்வரை ஓயவில்லை. இப்போது ஒரு வார்த்தை ஒத்துக்கொண்டால் வேலை முடிந்துவிடும் என்றுதான் அக்காவும் நினைத்தார். வாசல் போகப் போகிறது, உத்தியோகம் போகப் போகிறது, நாற்காலிகளுக்கு எண் போடப் போகிறோம். ஒத்துக்கொள்ளத்தான் வாயைத் திறந்தார். நாக்கு கேட்டால்தானே?

“நீங்கதான்! வேற யாரு? ‘அடுப்பைப் பாத்துக்கோங்க’ன்னு சொல்லிட்டுத்தானே அந்தப் பக்கம் போனேன்? நீங்க ஊரான் பல்லைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா பால் கருகாம என்ன பண்ணும்? மூக்குன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? கண்ணாடி மாட்டவா? போன வருஷம் சட்டையை இஸ்திரிப் பெட்டிக்கு அடியில விட்டுட்டுப் போனது யாரு, அதுவும் நானா?”

சர்வரை மறந்தார், இயக்குநரை மறந்தார், உத்தியோகத்தையே மறந்துவிட்டார். மூச்சு வாங்க நிறுத்தியபோது மறுமுனையில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு கேட்டது.

“போதும், போதும். நீதான். எவனாவது ஏமாத்த வந்திருந்தா ‘நான்தான், மன்னிச்சுக்கோங்க’ன்னு அப்பவே கால்ல விழுந்திருப்பான். சொல்லும்மா, என்ன அடிக்கணும்?”

அறையைச் சாத்துகிற கட்டளை ஒரே ஒரு வரிதான். அதை அடிக்கக் கணவர் பட்ட பாடு இருக்கிறதே! வாழ்நாளில் பல்லைத் தவிர வேறெதையும் அப்படிப் பார்த்துப் பார்த்துத் தொட்டிருக்க மாட்டார். ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே எழுத்தெழுத்தாகக் குத்தினார். “சாய்ஞ்ச கோடுன்னா எந்தப் பக்கம் சாயணும்?” என்று கேட்டார். “தலை வலது பக்கம்” என்றார் அக்கா. “சின்னக் கோடு, படுத்ததா, நின்னதா?” “படுத்தது, படுத்தது.” முழுவதையும் இரண்டு முறை திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “இப்ப என்டரை அடிங்க” என்றார்.

“அடிச்சிட்டேன். ஒண்ணுமே சொல்லலையே இது?”

“ஒண்ணும் சொல்லலைன்னா நல்ல சேதிங்க.”

அலுவலக ஜன்னலில் போய்த் தட்டினார். சர்வர் முகத்தைக் காட்டியது, கையெழுத்தைக் கேட்டது, சாவி கையெழுத்துப் போட்டது, வாசல் திறந்தது. பூட்டக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் தலையிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கவும், இயக்குநர் பல் குத்திக்கொண்டே உள்ளே வரவும் சரியாக இருந்தது. அவர் பின்னாலேயே எல்லோரும் வந்தார்கள். பூச்சியார்தான் முதலில் உட்கார்ந்தார், உட்கார்ந்ததும் வாசலுக்குள் போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக உள்ளே நுழைந்தார்கள். வெளியே நின்றவர் யாருமில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அக்கா இயக்குநரிடம் தானாகவே போனார். “மறைக்கக் கூடாது சார். நடுவுல கொஞ்ச நேரம் ஒருத்தர் வெளிய நின்னாங்க. நான்தான்.” நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். இயக்குநர் கேட்டார், பால் பாத்திரம் வந்த இடத்தில் மேஜையைத் தட்டிச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். “உங்க வீட்டுக்காரரே அவ்வளவு கெட்டின்னா வாசல் இங்கயே இருக்கட்டும்மா” என்று சொல்லிவிட்டு, கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போயிருந்த பளபளப்பான விளம்பரத் தாளை மடித்துத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டேதான் இருந்தது. கணவர் அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, யாரும் அணைத்துவிடாதபடி காவல் உட்கார்ந்திருந்தார். வீட்டில் அவரைத் தவிர வேறு ஆளில்லை என்பது வேறு விஷயம். மதியம் முழுக்க ஒரு பல்கூடச் செய்யவில்லையாம். கீபோர்டு கட்டைகளில் வெள்ளை வெள்ளையாக மாவுத் தடங்கள். அக்கா சர்வரிடம் முறையாக விடைபெற்று ஜன்னலை மூடிவிட்டு, ஈரத்துணி எடுத்து வந்தார்.

“வேலைதான் முடிஞ்சிடுச்சே. இப்பவாவது ஒத்துக்கோயேன்” என்றார் கணவர். “பாத்திரத்தைக் கருகவிட்டது நீதானே?”

“ஒத்துக்கிட்டா, அடுத்த தடவை போன்ல பேசறது நான்தான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

பூட்டக்கா கட்டைகளை அப்படியே விட்டுவிட்டு, நாற்காலியைக் கணவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவருடைய ஆட்காட்டி விரலைப் பிடித்து, நகக்கண்ணில் காய்ந்திருந்த மாவை ஈரத்துணியால் மெல்லத் துடைக்க ஆரம்பித்தார்.